மாமாவும் எட்டு ஓமும்

என் பெரிய மாமாவுக்கு உலகம் முழுக்க சிநேகிதர்கள். எதிர்வீட்டுக்காரர் பெயர்தான் தெரியாது.

காரணம், அவர் ஒரு 'ஹாம்'. சாண்ட்விச்சுக்குள் வைக்கிற ஹாமை நினைத்து முகம் சுளிக்காதீர்கள். மாமா சுத்த சைவம். அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கு அப்படி ஒரு பெயர். மத்திய அரசு நடத்துகிற பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, வீட்டிலேயே சொந்தமாக ஒரு வயர்லெஸ் நிலையம் வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களிடம் நலம் விசாரிக்கிற ஜாதி. 12 வயது நிறைந்தால் யார் வேண்டுமானாலும் பரீட்சை எழுதலாம். பெரிய லைசென்ஸ் வேண்டுமென்றால் மோர்ஸும் தெரிந்திருக்க வேண்டும். ராஜீவ் காந்திகூட ஹாம்தான். அரசாங்கம் 2013 ஜூலையில் தந்தி சேவையை இழுத்து மூடியது. குரோம்பேட்டையில் மாமா வீட்டு மாடி அறையில் மட்டும் 'டிடா டிடா' இன்றுவரை ஓயவில்லை.

மொட்டை மாடியில் இருபது மீட்டர் நீளத்துக்கு ஒரு வயர். அதுதான் ஆன்டெனா. அத்தை ஒருமுறை விவரம் புரியாமல் அதில் பட்டுப்புடவையைக் காயப்போட, மாமா போட்ட சத்தம் ரேடியோ இல்லாமலே பல்லாவரம் வரை கேட்டது என்பார்கள்.

அந்த மாமாதான் போன் செய்தார்.

"டேய், என் செட்டுக்கு ஒரு நல்ல எக்ஸ்டர்னல் ஸ்பீக்கரா பாத்து வாங்கணும். நீதான் பத்திரிகையில எல்லாம் எழுதறியே..."

பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிற கடைசி மனிதர் என் மாமா. நான் படித்தது பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே ஓம், கண்ணை மூடிக்கொண்டு சொல்வது. இருந்தாலும் கௌரவத்தை விட முடியுமா? "அதுக்கென்ன மாமா, பாத்துடலாம்" என்றேன்.

முதலில் நோயாளியைப் பார்த்தேன். மாமாவின் செட் ஜப்பான்காரன் செய்தது. முன்பக்கம் முழுக்கப் பொத்தான்கள். ஆனால் ஸ்பீக்கர்? உள்ளே ஒரு கிரீம் பிஸ்கட் அளவுக்கு. அதுவும் மேல்மூடியில் ஓட்டை போட்டு, விட்டத்தைப் பார்த்தபடி.

"யாருக்குப் பேசுது மாமா இது?"

"பல்லிக்கு" என்றார்.

உண்மை. அத்தனை விலையுள்ள செட்டில் கடைசியாக மிச்சமிருக்கிற இடத்தில் ஸ்பீக்கரைச் செருகுகிறார்கள். சத்தம் கூரைக்குப் போய் மோதி, சுவரில் இடித்து, கடைசியில்தான் காதுக்கு வருகிறது. அதற்காகத்தான் பின்பக்கம் ஒரு சின்ன துவாரம் விட்டிருக்கிறார்கள். அங்கே வெளி ஸ்பீக்கரைச் செருகினால் உள் ஸ்பீக்கர் வாயை மூடிக்கொள்ளும். செட் செய்கிற கம்பெனிகளே ஜோடிப் பொருத்தமாக ஸ்பீக்கரும் விற்கின்றன. விலையைக் கேட்டு மாமாவே கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டார்.

"ஹெட்போன் போட்டுக்கலாமே மாமா?"

"போட்டா குக்கர் விசிலை யாரு எண்றது?"

அந்த வீட்டில் மாமாவுக்கு ஒதுக்கப்பட்ட ஒரே இலாகா அது. நான் வற்புறுத்தவில்லை.

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டருக்கு வாங்கிய ஸ்பீக்கர் செட் சும்மா கிடந்தது. இரண்டு குட்டி, ஒரு பெரிய வூஃபர். சினிமாவில் குண்டு வெடித்தால் அலமாரியில் டம்ளர் நடுங்கும். இதைவிட என்ன வேண்டும்? ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் மாட்டினேன்.

செட்டை ஆன் செய்ததும் யாரோ பேசினார். யார் என்று தெரியவில்லை. ஆனால் எருமை மேல் உட்கார்ந்திருக்கிறார் என்பது மட்டும் நிச்சயம். அப்படி ஒரு எமதர்மராஜா குரல். பின்னணியில் 'கொய்ங்' என்று ஒரு ரீங்காரம் வேறு.

"அது உன் ஸ்பீக்கரோட அடாப்டர் பண்ற வேலை" என்றார் மாமா. "கரண்டை நறுக்கி நறுக்கிக் கொடுக்கிற சாதனம். நறுக்கற சத்தத்தை ஆன்டெனா பிடிச்சிடுது."

அடுத்து மாமா சோதனைக்காக மைக்கின் பொத்தானை அழுத்தி "ஹலோ" என்றார். ஸ்பீக்கர் 'க்ராக் குவாக்' என்று வாத்து போலக் கத்தியது. அத்தை கரண்டியோடு மாடிக்கு ஓடி வந்தார்.

செட் அனுப்புகிற 100 வாட் சக்தியில் ஒரு துளியை ஸ்பீக்கரின் வயரே ஆன்டெனா மாதிரிப் பிடித்து உள்ளே கொடுக்க, அங்கே இருக்கிற ஆம்ப்ளிஃபயர் அதையும் பாட்டு என்று நினைத்துக்கொண்டு பாடுகிறதாம். வயரில் ஃபெர்ரைட் வளையம் மாட்டினால் குறையுமாம். "ஆனா, ஆம்ப்ளிஃபயரே இல்லாத மொட்டை ஸ்பீக்கர்னா இந்தத் தலைவலியே கிடையாது. செட்டுக்குள்ளேயே ரெண்டு வாட் இருக்கு. ஒரு ரூமுக்கு அது தாராளம்" என்றார் மாமா.

அன்று காபி கொடுக்கும்போதுதான் அத்தை சமையலறையில் தணிந்த குரலில் சொன்னார்.

"ஸ்பீக்கர் எல்லாம் சாக்குப்பா. உங்க மாமா ரெண்டு மாசமா ரேடியோவில வாயே தொறக்கறதில்ல. தெரியுமா?"

தெரியாது. தினம் காலையில் 7 மெகாஹெர்ட்ஸில் ஒரு கூட்டம் கூடும். தென்னிந்தியா முழுக்க ஆட்கள் வந்து ஆஜர் கொடுப்பார்கள். அதில் நாகர்கோவில்காரர் ஒருவர் மாமாவுக்கு முப்பது வருஷ சிநேகிதர். நேரில் பார்த்தது இரண்டே தடவை. குரலில் பார்க்காத நாள் கிடையாது.

இரண்டு மாதம் முன்பு ஒரு காலை, நாகர்கோவில்காரர் சொல்லியிருக்கிறார்: "நேத்து வீட்டுல விழுந்துட்டா... ஆஸ்பத்திரியில இருக்கா." சொன்னது அவர் மனைவியைப் பற்றி. இடுப்பெலும்பு முறிவு.

மாமாவுக்குக் கேட்டது 'விருந்து'.

"பேஷ்! விருந்தா? பாயசம் என்ன பாயசம்?" என்று மைக்கில் உற்சாகமாகக் கேட்டிருக்கிறார். தென்னிந்தியாவே கேட்டிருக்கிறது. யாரோ விஷயத்தை விளக்கினார்கள். நாகர்கோவில்காரர் "பரவாயில்ல அண்ணாச்சி" என்றாராம். அதற்குப் பிறகு மாமா மைக்கைத் தொடவில்லை. கேட்டால், "பேண்டு சரியில்ல", "மழைக்காத்து", "சூரியன்ல புள்ளி" என்று காரணங்கள். சிநேகிதர்கள் கூப்பிடுவார்களாம். இவர் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பாராம்.

ஒரு ழகரம், முப்பது வருஷத்தை ஊமையாக்கிவிட்டது.

*

அடுத்த சனிக்கிழமை மாமாவும் நானும் ரிச்சி தெருவுக்குப் போனோம். மவுண்ட் ரோடிலிருந்து உள்ளே திரும்பினால் உலகத்தின் எலெக்ட்ரானிக்ஸ் எல்லாம் ஒரே சந்தில் குவிந்திருக்கும். மனிதன் நடக்க மட்டும்தான் இடம் இருக்காது.

கடைப் பையன் முதல் கேள்வியிலேயே என்னைச் சாய்த்தான். "எத்தினி ஓம் சார்?"

'சாந்தி' என்று சொல்லத்தான் வாய் வந்தது. மாமா காப்பாற்றினார். "எட்டு. நாலுகூட ஓகே. அதுக்குக் கீழே வேணாம்."

என் பக்கம் திரும்பி விளக்கினார். ஓம் என்பது தடை. தடை குறையக் குறைய செட்டிலிருந்து கரண்ட் அதிகமாக இழுக்கும். இரண்டு ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் செட்டுக்கு வேர்த்துவிடும். எனக்குக் கணக்கில் புரிந்தது. சம்பளத்துக்கு மேல் செலவு செய்கிற குடும்பம்.

பையன் ஒரு ராட்சஸ ஸ்பீக்கரைத் தூக்கி வைத்தான். "இருநூறு வாட்ஸ் சார். தெருவே அதிரும்!"

"இருநூறு வாட் அது தாங்கும்னு அர்த்தம். கொடுக்கும்னு இல்ல" என்றார் மாமா. மெட்ராஸ்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். பெரிய அண்டா வாங்கி வைத்ததால் குழாயில் தண்ணீர் அதிகமாக வருமா? வருகிற இரண்டு குடத்துக்கு இரண்டு குடப் பாத்திரம் போதும்.

பையன் தன் செல்போனிலிருந்து ஒரு டப்பாங்குத்தைப் போட்டுக் காட்டினான். கடை, நான், பக்கத்துக் கடை எல்லாம் அதிர்ந்தோம். மாமா அசையவில்லை.

"தம்பி, எனக்குப் பாட்டு வேணாம். பேச்சு வேணும்."

மாமா வேலை பார்த்தது டெலிபோன் இலாகாவில். டெலிபோனில் மனுஷக் குரலை 300 ஹெர்ட்ஸிலிருந்து 3400 வரைதான் அனுப்புகிறார்களாம். ஹாம் ரேடியோவில் இன்னும் சிக்கனம். சுமார் 2700, மிஞ்சினால் 3000. அதற்குள் அர்த்தம் முழுக்க வந்துவிடுகிறது. பாட்டுக்கான ஸ்பீக்கரோ 20லிருந்து 20,000 வரை எட்டிப் பார்க்கும். கீழே இருக்கிற உறுமலும் மேலே இருக்கிற இரைச்சலும் இலவச இணைப்பு. நாம் கேட்க வந்த ஆள் நடுவில் நசுங்கிப்போவார்.

"டீக்கடையில அந்தக் காலத்துல பானை மேல ஸ்பீக்கரைக் கவுத்து வெப்பாங்களே, ஞாபகம் இருக்கா?" என்றார்.

மறக்க முடியுமா? கிராமத்து டீக்கடைகளில் மண்பானை வாயில் ஸ்பீக்கரைக் கட்டி, 'டம் டம்' என்று நெஞ்சில் குத்துகிற மாதிரி பாட்டு வைப்பார்கள். பானைக்குள் அடைபட்ட காற்று கனத்த ஸ்வரங்களுக்கு ஒத்து அதிரும். பாட்டுக்கு அது பிரமாதம். அதே பானையில் செய்தி வாசிக்கச் சொன்னால் செய்தியாளர் கிணற்றுக்குள் விழுந்துவிட்டார் என்று தோன்றும்.

"அதுக்கு நேர் எதிர், ஆடி மாசக் குழாய். பாட்டு போட்டா தகர டப்பா. ஆனா 'பச்சை சட்டை போட்ட அஞ்சு வயசுப் பையன் காணவில்லை'ன்னு சொன்னா நாலு தெரு தள்ளியும் சட்டை பச்சைன்னு புரியும். கீழ் சத்தமே அதுல வராது. ஹாமுக்கு அதுதான் லட்சியம்."

"அப்ப குழாயே வாங்கிடலாமா மாமா?"

"வாங்கலாம். உங்க அத்தை அதோட சேர்த்து என்னையும் வேப்ப மரத்துல கட்டிடுவா."

மாமாவின் சோதனை முறை எனக்குப் பிடித்திருந்தது. காலைக் கூட்டத்தைச் செல்போனில் பதிவு செய்து கொண்டுவந்திருந்தார். இரைச்சல், உறுமல், நடுவில் ஈனஸ்வரத்தில் ஓர் ஆள். அதை ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் போடச் சொன்னார். எனக்கே வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. ஆறு அங்குலத்தில் ஆள் கம்பளி போர்த்திக்கொண்டு பேசினார். நாலு அங்குலக் காகிதக் கூம்பில் கம்பளியை எடுத்துவிட்டார். நான் மாமாவைப் பார்த்தேன்.

"ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?" என்றார்.

அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தேன். பையன் எங்களைப் பார்த்துப் பேசும்போது மாமா டக் டக்கென்று பதில் சொன்னார். அவன் அலமாரி பக்கம் திரும்பிப் பேசினால், "ஆங்?" மூன்று தடவை கவனித்தேன். மூன்று தடவையும் "ஆங்?" மாமா இத்தனை நாளாக எங்கள் எல்லாருடைய உதட்டையும் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்! ரேடியோவில் உதடு ஏது?

நாலு அங்குலம், எட்டு ஓம், அதற்கு ஒரு சின்ன மரப்பெட்டி. எல்லாம் சேர்த்து ஒரு குடும்பம் ஓட்டலில் டிபன் சாப்பிடுகிற காசுதான். வாங்கிக்கொண்டு வெளியே வந்து ரோஸ் மில்க் குடிக்கும்போது மெதுவாக ஆரம்பித்தேன்.

"மாமா, ஒருதடவை காதை டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாமா?"

ரோஸ் மில்க் பாதியில் நின்றது. "என் காது கல்லு மாதிரி இருக்கு."

அதுதான் மாமா பிரச்னை என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. வேறு வழியாகப் போனேன். 2004 சுனாமியைப் பற்றி மாமாவே எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் தலைமையில் ஒரு ஹாம் குழு போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்தது. 26ஆம் தேதி கடல் வந்து போனில்லாமல் போனபோது அந்தமானுக்கும் வெளியுலகுக்கும் நடுவே செய்தி கொண்டுபோனவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள். யார் பிழைத்தார்கள், யார் எங்கே என்று.

"நாளைக்கு நம்ம ஊர்ல அப்படி ஒண்ணு வந்து, நீங்க மைக்கைப் பிடிக்கும்போது 'விழுந்து' 'விருந்து'ன்னு கேட்டா என்ன மாமா ஆகும்?"

மாமா ரொம்ப நேரம் பேசவில்லை. ரோஸ் மில்க்கை முடித்துவிட்டு, "உங்க அத்தை சொல்லிட்டாளா?" என்றார்.

*

காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டி, 'பீப்' கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பீப் என்றதும் மாமாவுக்கு மோர்ஸ் ஞாபகம் வந்து பயம் போய்விட்டது.

வெளியே வந்த தாளைப் பார்த்ததும் டாக்டருக்கு முன்பு மாமாவே படிக்க ஆரம்பித்துவிட்டார். இந்தப் பக்கம் 250 ஹெர்ட்ஸ், அந்தப் பக்கம் 8000. கோடு கொஞ்ச தூரம் சமர்த்தாக நடந்து, 2000 தாண்டியதும் கொல்லிமலைச் சரிவில் இறங்கியது.

"அடேய்... இது லோ-பாஸ் ஃபில்டர்டா! என் காதே ஒரு ஃபில்டர்!" என்று மாமா கிட்டத்தட்ட சந்தோஷமாகக் கூவினார். நோய்க்குத் தன் தொழிலின் பெயர் கிடைத்தால் மனிதனுக்குப் பாதி தைரியம் வந்துவிடுகிறது.

டாக்டர் விளக்கினார். வயதாகும்போது காது மேல் ஸ்தாயியிலிருந்துதான் குறைய ஆரம்பிக்கும். அ, ஆ, ஓ எல்லாம் கீழ்ப்பக்கம். பலமாகக் கேட்கும். ச, த, ட, ஸ, ஷ போன்றவற்றின் அடையாளம் மேல்பக்கம். அதுதான் நழுவும். அதனால்தான் பெரியவர்கள், "நீ பேசறது கேக்குது, ஆனா புரியல" என்கிறார்கள். சத்தத்தைக் கூட்டினால் உயிரெழுத்துதான் இன்னும் கத்தும்.

நம் முன்னோர் பெயர் வைத்த அழகைப் பாருங்கள். மாமாவுக்கு இத்தனை நாளும் உயிர் கேட்டிருக்கிறது. மெய் கேட்கவில்லை.

ஹாம்கள் இங்கிலீஷ் எழுத்துகளை ஆல்ஃபா, பிராவோ என்று நீட்டிச் சொல்வதும் இதனால்தான். பி, சி, டி, ஜி, வி... உயிர் எல்லாவற்றுக்கும் அதே 'ஈ'. மெய் நழுவினால் ஆளே மாறிவிடுவார்.

மெஷின் வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். மாமா முகம் சுருங்கியது. "செவிட்டு மெஷினா? தெருவில நாலு பேர் பாப்பாங்க."

எனக்கு அன்றைக்குத்தான் பி.காம். மூளை வேலை செய்தது.

"மாமா, உங்க செட்டு உசத்தியா மட்டமா?"

"உசத்திடா."

"அதுக்குள்ள இருக்கிற ஸ்பீக்கர் போதலைன்னு வெளியில ஒண்ணு வெச்சீங்களே, அது செட்டுக்குக் கௌரவக் குறைச்சலா?"

மாமா என்னையே பார்த்தார். பிறகு டாக்டரிடம் திரும்பி, "எத்தனை ஓம் சார்?" என்றார்.

*

மரப்பெட்டி இப்போது மேஜை மேல், காது உயரத்தில், மாமா முகத்தைப் பார்த்தபடி இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கிறது. பல்லிக்கு நிகழ்ச்சிகள் ரத்து. மாமாவின் இரண்டு காதுக்குப் பின்னாலும் ஆளுக்கொரு எக்ஸ்டர்னல் ஸ்பீக்கர். முதல் வாரம் 'உறுத்துது' என்று கழற்றிக் கழற்றி வைத்தார். அத்தை எடுத்து எடுத்து மாட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் பக்கத்தில் இருந்தேன். இரைச்சலுக்கு நடுவில், அறுநூறு கிலோமீட்டர் தாண்டி அந்தக் குரல் வந்தது. மாமாவின் அழைப்புக் குறியைச் சொல்லி, இருக்கிறாரா என்று கேட்டது. தினமும் கேட்குமாம். மாமா மைக்கை எடுத்தார். கை லேசாக நடுங்கியது.

"அண்ணாச்சி... வீட்டுல எப்படி இருக்காங்க? அன்னிக்கு எனக்குக் காது சரியாக் கேக்கல. தப்பா எடுத்துக்காதீங்க."

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்.

"வாக்கர் வெச்சு நடக்கா. நேத்து அடுப்படி வரைக்கும் போயிட்டா. பாயசம்தான் பாக்கி அண்ணாச்சி. எப்போ வாறிய?"

எனக்கே ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. மாமா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

சுபம் போட்டுவிட்டு எழுந்தேன். கீழே அத்தை பாத்திரம் கழுவியபடி, தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ரேடியோ, வயர், நாற்பத்தைந்து வருஷத் தாம்பத்யம் என்று பல தலைப்புகளில்.

மாமா படியிலேயே நின்றுவிட்டார். காதைத் தொட்டுப் பார்த்தார். என்னைப் பக்கத்தில் இழுத்து ரகசியமாகக் கேட்டார்:

"டேய்... இதுல வால்யூமைக் குறைக்கிற பட்டன் எங்கடா இருக்கு?"